பென்சிலால் மட்டும் எழுதவும்

ஜனவரி 20, செவ்வாய்

அனுப்புநர்: மூன்றாம் வகுப்பு ஆசிரியர், தொடக்கப்பள்ளி.
பெறுநர்: மேற்பார்வையாளர், குஞ்சு பொரிப்பகம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: கருவுள்ள கோழி முட்டைகள் இருபத்து நான்கு வேண்டுதல் தொடர்பாக.

எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இருபத்து மூன்று குழந்தைகள் படிக்கிறார்கள். முட்டை எப்படிக் குஞ்சாகிறது என்பதை அவர்கள் படத்தில் பார்க்காமல் கண்ணால் பார்க்கவேண்டும் என்று விரும்புகிறேன். பெற்றோர் சங்கம் ஒரு சிறிய இன்குபேட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கடை முட்டையில் கரு இருக்காது என்பதால் தங்கள் நிறுவனத்தை அணுகவேண்டியதாயிற்று. சுற்றுவட்டாரத்தில் வேறு பொரிப்பகம் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் வகுப்பு ஆசிரியர்


ஜனவரி 27, செவ்வாய்

மூன்றாம் வகுப்பு ஆசிரியர் அவர்களே,

தங்கள் மேலான விண்ணப்பம் கிடைக்கப்பெற்றேன். மேனேஜர்தான் முதலில் பிரித்தார். "யாரோ ஒரு வாத்தியார், ரொம்ப மரியாதையா எழுதியிருக்கார், பாருங்கம்மா" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு முதல் எழுத்தைக் கையைப் பிடித்து எழுதவைத்தவள் நான். எனக்கே அம்மையீரா?

இரண்டு வருடமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். பொங்கிப் பொங்கி நான் அனுப்பிய செய்திகள் எங்கே போயினவோ, அந்தப் போனுக்கே வெளிச்சம். இப்போது முட்டைக்காக வந்திருக்கிறாய். வேறு பொரிப்பகம் இல்லை என்று வேறு எழுதியிருக்கிறாய், இருந்திருந்தால் அங்கே போயிருப்பேன் என்று எனக்குப் புரியட்டும் என்றுதானே? காரியம் ஆகும்வரை கழுதை காலையும் பிடி என்பார்கள். நீ பிடித்திருக்கிறாய். கழுதைக்குச் சந்தோஷம்தான்.

முட்டை தருகிறேன். அடுத்த செவ்வாய், மூன்றாம் தேதி, குஞ்சு ஏற்றிப்போகும் வேனில் வரும். எங்கள் வேன் செவ்வாயும் வெள்ளியும் உன் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போகிறது. காலையில் போகும், மாலையில் திரும்பும். இந்தக் கடிதத்தை டிரைவர் அண்ணன் உன் கையிலேயே கொடுப்பார். பதில் இருந்தால் மாலையில் அவரிடம் கொடு. வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வேன் உன் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இரண்டு வருடமாக. அதில் ஏறி உட்கார எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

அக்கா


ஜனவரி 27, மாலை

அக்கா,

டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அதனால் சுருக்கமாக. மூன்றாம் தேதி எனக்குச் சரிதான். நன்றி.

முட்டையைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். மற்றதைப் பேச எனக்கு இஷ்டமில்லை. அப்பா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. தினமும் போனில் "அப்பா நல்லாத்தான் இருக்கார், நீ படி" என்றாய். நான் தகுதித் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்து போனை எடுத்தபோது உன் அழைப்பு வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "உன் நல்லதுக்குத்தான்டா" என்றாய். 

ஆகவே முட்டை மட்டும். ஒரு சந்தேகம்: முட்டை மேல் குழந்தைகளின் பெயரை எழுதலாமா? ஆளுக்கொன்று என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு இருபத்து மூன்று, எனக்கு ஒன்று.

ஆசிரியர்


பிப்ரவரி 3, செவ்வாய்

ஆசிரியரே,

முட்டை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியில் இருபத்து நாலு இருக்கிறது. கழுவாதே, துடைக்காதே. வேனில் குலுங்கி வந்தவை, அதனால் இன்றைக்கே வைத்துவிடாமல் ஒரு ராத்திரி கூர்முனை கீழாக ஓய்வில் விடு. நாளை புதன்கிழமை வை. இருபத்தொரு நாள் என்பது சரியாக மூன்று வாரம். எந்தக் கிழமை வைக்கிறாயோ அந்தக் கிழமையில்தான் பொரியும். ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டு, பொரிக்கிற அன்று பள்ளிக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு போன வாத்தியார்களை எனக்குத் தெரியும்.

சூடு முப்பத்தேழரை டிகிரி. அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் முட்டை உன்னை மன்னிக்காது. இன்குபேட்டரோடு வந்த தெர்மாமீட்டரை நம்பாதே, பெட்டியில் நம்முடையது ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொண்டு நாளைக்கு மூன்று தடவை திருப்பவேண்டும். சனி, ஞாயிறு என்று முட்டைக்கு லீவு கிடையாது. தண்ணீர்த் தொட்டி வற்றக்கூடாது.

பெயர் எழுதலாம். பென்சிலால் மட்டும் எழுதவும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை இருக்கிறது, மை உள்ளே இறங்கிவிடும். இங்கே ஒரு தட்டில் நூற்றைம்பது முட்டை, ஒரு நாளைக்கு இருநூறு தட்டு. முட்டைக்குப் பெயர் வைக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கலாம் என்றால், அது முட்டையைப் பற்றியதில்லை. அதனால் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 6, வெள்ளி

அக்கா,

ஒன்றுகூட உடையவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தோம். அன்று முழுவதும் வேறு பாடமே நடக்கவில்லை, தலைமையாசிரியையிடம் நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். பெயர் எழுதும்போது ஒருத்தி தன் பெயரோடு அப்பா பெயர், வீட்டு எண் எல்லாம் எழுதி, குஞ்சு வழி தெரியாமல் போய்விடக்கூடாது என்றாள்.

நேற்று ஒரு வம்பு. மூன்று தடவை திருப்பச் சொன்னாய் அல்லவா? இவர்கள் ஆளுக்கு ஒரு தடவை என்று தங்களுக்குள் தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். நான் ஆசிரியர் அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் பதினொரு தடவை திருப்பியாகிவிட்டது. கரு தலைசுற்றிச் செத்துப்போயிருக்குமா? எனக்கு நேற்று ராத்திரி தூக்கம் சரியில்லை.

பதினொன்று என்று துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம் ஒரு பெண். வகுப்பில் எல்லோரும் அவளை இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எட்டு வயது, இரட்டைச் சடை, கையில் எப்போதும் ஒரு நோட்டு. யார் லேட், எந்த ஜன்னலில் கொக்கி இல்லை, நான் எத்தனை தடவை "அமைதி" என்று கத்தினேன், எல்லாம் அதில் இருக்கும். இப்போது சூடும் தண்ணீர் அளவும் ஏறுகின்றன. தன் முட்டையை முன்னும் பின்னும் படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

அவளுடைய அம்மா நான்கு மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சாதாரண நோயில்லை. "அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்பா தையல்காரர், என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வாயைத் திறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நேற்று அவள் என்னிடம் வந்து, "சார், குஞ்சு வருமா வராதா? கரெக்டா சொல்லுங்க" என்றாள். வரும் என்றேன்.

தம்பி


பிப்ரவரி 10, செவ்வாய்

தம்பி,

கீழே என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டாய் என்பதை நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் கவனித்தேன்.

பதினொரு தடவை திருப்பினால் ஒன்றும் ஆகாது. அடையில் உட்கார்ந்த கோழி நாள் முழுக்க மூக்கால் உருட்டிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு உங்கள் பள்ளிக்கூடத்து மணி கேட்பதில்லை. நீ தூங்கு.

நாளை ஏழாம் நாள். ஓர் அறையை இருட்டாக்கி, முட்டையின் தடித்த பக்கத்தில் டார்ச்சை அழுத்திப் பிடி. உயிர் இருந்தால் நடுவில் ஒரு சின்னப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் மஞ்சள் விளக்குப் போல ஒளிர்ந்தால் அது கூமுட்டை. உள்ளே எதுவும் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். இருபத்து நாலில் நாலைந்து அப்படித்தான் இருக்கும். அவற்றை வெளியே எடுத்துவிடு, விட்டால் அழுகி வெடிக்கும். நீ முதலில் தனியாக ஒரு தடவை பார்த்துப் பழகிக்கொள், அப்புறம் பிள்ளைகளைக் கூப்பிடு.

அந்த இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் வரும் என்று உறுதி கொடுத்திருக்கிறாய், வாத்தியாரே. நான் பத்தொன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், ஒரு முட்டைக்கும் உறுதி கொடுத்ததில்லை.

குஞ்சு வந்தபின் அவற்றை எங்கே விடுவது என்று யோசித்தாயா? வெளியே போனதைப் பொரிப்பகத்துக்குள் திரும்பச் சேர்க்கமாட்டோம், நோய் வந்துவிடும். என் வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, அனுப்பிவிடு.

அக்கா


பிப்ரவரி 13, வெள்ளி

அக்கா,

ஒரு காரியம் செய்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் விளையாட்டுச் சாமான் அறையில் சாக்கைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு, நீ சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் முட்டையிலேயே அந்தச் சிவப்பு நரம்பு தெரிந்தது. புள்ளி துடிக்கிறது அக்கா! நீ தினமும் பார்ப்பவள், உனக்கு எப்படி இருக்குமோ. நான் கொஞ்ச நேரம் அங்கேயே ஒரு பழைய கால்பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து கூமுட்டை. அதில் ஒன்று இன்ஸ்பெக்டருடையது.

மற்ற நாலு பேருக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னேன். ஒருவன் ஐந்து நிமிடம் அழுதான், ஒருத்தி ஆம்லெட் போடலாமா என்று கேட்டாள், பக்கத்தில் இருக்கிறவர்களோடு பங்கு வைத்துக்கொண்டார்கள், முடிந்தது. இவளிடம் மட்டும் சொல்ல எனக்கு வாய் வராது என்று அந்த அறையிலேயே தெரிந்துவிட்டது. என் முட்டையில் உயிர் இருந்தது. ரப்பரை எடுத்து அவள் முட்டையில் இருந்த பெயரை அழித்து 'சார்' என்று எழுதினேன். என் முட்டையில் அவள் பெயரை, அவள் எழுதுவது போலவே குண்டு குண்டாக எழுதினேன். பென்சில் என்பதால் சுவடே இல்லை.

பிறகு எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டு டார்ச்சில் காட்டினேன். அவள் முறை வந்தபோது துடிக்கிற புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நோட்டிலும் ஒன்றும் எழுதவில்லை. பார்த்து அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முட்டை கூமுட்டை என்று அறிவித்ததும் வகுப்பே சிரித்தது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் குற்றம் செய்தவன் போல இருக்கிறது.

தம்பி


பிப்ரவரி 17, செவ்வாய்

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ செய்தது சரிதான். எட்டு வயசு, அம்மா பக்கத்தில் இல்லை. இந்த நேரத்தில் அந்தக் குழந்தைக்கு ஒரு கூமுட்டையை நீட்டி, இதுதான் உன்னுடையது என்று சொல்ல எந்தக் கல்நெஞ்சுக்கும் வராது. உனக்கு வரவில்லை, எனக்குச் சந்தோஷம்.

இப்போதாவது புரிகிறதா?

நல்லதுக்கு என்று ஒரு பொய் எவ்வளவு சுலபமாக வந்து கையில் உட்கார்ந்துகொள்கிறது, பார்த்தாயா? ரப்பரை எடுத்ததே உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டு தடவை நீ தேர்வில் தவறியிருந்தாய். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். அப்பாவுக்கு இப்படி என்று சொல்லியிருந்தால் புத்தகத்தை வீசிவிட்டு ஓடி வந்திருப்பாய். இன்றைக்கு உன்னைச் சார் சார் என்று சுற்றி வருகிற இருபத்து மூன்று பேரும், அந்தப் பொய்யால் உனக்குக் கிடைத்தவர்கள்தான். என்னை இரண்டு வருடம் கொலைகாரி போல ஒதுக்கி வைத்தாய். இப்போது நீயும் நானும் ஒரே படகு.

அந்த நம்பர் தடையை எடுத்துவிடு, போதும்.

அக்கா


பிப்ரவரி 17, மாலை

அக்கா,

ஒரு முட்டையும் நம் அப்பாவும் ஒன்றா? எதை எதோடு சேர்க்கிறாய்? என் வகுப்பறையை எனக்கு நீ போட்ட பிச்சை போல இனி எழுதாதே.

கடிதம் வேண்டாம். மிச்சத்தைப் புத்தகம் பார்த்துச் செய்துகொள்கிறேன்.


பிப்ரவரி 20, வெள்ளி

அக்கா,

இன்று காலை டிரைவர் வெறுங்கையோடு வந்தார். "ஒண்ணும் குடுக்கல தம்பி. மூணு நாளா அவங்க மொகமே சரியில்ல" என்றார். கடிதம் வேண்டாம் என்றவன் நான்தான். ஆனாலும் பையை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.

நேற்று மதியம் எல்லோரும் விளையாடப் போனபிறகு இன்ஸ்பெக்டர் மட்டும் நின்றாள்.

"சார், இது என் முட்டை இல்ல."

"உன் பேருதானே இருக்கு?"

"பேரு இருக்கு. முட்டை என்னோடது இல்ல."

நோட்டைத் திறந்து காட்டினாள். முதல் நாள் வரைந்த படம். தடித்த முனைக்குப் பக்கத்தில் ஓட்டில் கடுகளவு ஒரு பரு. அதற்கு அம்புக்குறி போட்டிருந்தாள். இன்குபேட்டரில் அவள் பெயரோடு இருந்த முட்டை வழுவழுவென்று இருந்தது. ஜன்னலோரத் தட்டில் எடுத்து வைத்திருந்த கூமுட்டைகளில், 'சார்' என்று எழுதிய முட்டையில் அந்தப் பரு இருந்தது.

"எப்பப் பாத்த?"

"டார்ச் அடிச்ச அன்னிக்கே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். எட்டு நாள் ஆச்சு."

அவளே பேசினாள். "எங்க வீட்லயும் இப்படித்தான் சார். அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு சொல்றாங்க. பெரியம்மாவே வந்து சொல்றாங்க."

அக்கா, எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழுகைதான் ஜெயித்தது. அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய முட்டையில் உயிர் தொடங்கவே இல்லை, அது யார் தப்பும் இல்லை, அவளிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, அதனால் மாற்றினேன் என்று. அவள் அழவில்லை. நோட்டில் 'கரு இல்லை' என்று எழுதித் தேதி போட்டாள். என்னிடம் ரப்பர் வாங்கி, இன்குபேட்டரில் இருந்த முட்டையில் தன் பெயரை அழித்துவிட்டு 'சார்' என்று எழுதினாள். இத்தனை நாள் அவள் பயந்தது முட்டைக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாரும் வீட்டு ஆட்களைப் போலவேதானா என்றுதான் பயந்திருக்கிறாள்.

பிறகு கேட்டாள். "எங்கம்மா செத்துருவாங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சவங்களைக் கேட்போம்" என்றேன்.

பள்ளி விட்டதும் தையல் கடைக்குப் போனேன். அவர் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "சின்னப் பொண்ணு சார், தாங்குமா?" என்றார். "அவளுக்குத் தெரியுங்க. நீங்க மறைக்கிறீங்கன்னும் தெரியும். யார்கிட்டயும் கேக்க முடியாம தனியா வச்சுக்கிட்டிருக்கா. அதைத்தான் தாங்க முடியல" என்றேன். மெஷின் நின்றது.

நீ எழுதியது சரிதான். நீ செய்ததையேதான் நானும் செய்தேன். ஆனால் அது உன்னைச் சரியாக்கவில்லை அக்கா, என்னையும் தப்பாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஒன்று கேட்கிறேன். இரண்டு வருடமாகக் கேட்கப் பயந்துதான் உன்மேல் கோபமாகவே இருந்தேன் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன். கோபமாக இருந்தால் கேட்கவேண்டியதில்லை, பாரு. அந்த ஒன்பது நாளில் அப்பா என்னைக் கேட்டாரா? இன்ஸ்பெக்டர் மாதிரிதான் கேட்கிறேன், கரெக்டாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 24, செவ்வாய்

தம்பி,

முதலில் முட்டை. ஞாயிற்றுக்கிழமையோடு திருப்புவதை நிறுத்தியிருப்பாய். தொட்டியில் தண்ணீரை நிறைத்து வை. நாளை ஓடு விரிசல் விட்டதும் எல்லோரும் உதவி செய்யத் துடிப்பார்கள். மூடியைத் திறக்கக்கூடாது. உள்ளே ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். முதல் துளை விழுந்தபிறகு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும், நடுவில் அசையாமல் கிடக்கும், அது ஓய்வு. பொரித்து வந்தவை காயும்வரை உள்ளேயே இருக்கட்டும், வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, பசிக்காது.

இனி நீ கேட்டது. வெள்ளிக்கிழமை மாலையில் இருந்து நாலு தாள் கிழித்துவிட்டேன்.

கேட்டார். மூன்று தடவை கேட்டார்.

மூன்றாம் நாள் கண் விழித்ததும், "தம்பிக்குச் சொல்லிட்டியா?" என்றார். சொல்லிட்டேன்ப்பா, வந்துகிட்டிருக்கான் என்றேன். ஆறாம் நாளும் கேட்டார். வந்துகிட்டிருக்கான் என்றேன். "பஸ் கெடச்சிருக்காது. நின்னுக்கிட்டே வர்றானோ என்னவோ" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வீட்டு ஆள் எடுக்க வந்தபோது, "அத எடுக்காதீங்க, பையன் வந்தா உக்காருவான்" என்றார். கடைசி நாள் காலையில் அவர் பேசவில்லை, ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்தார். அதையும் அவர் கேட்டதாகத்தான் நான் கணக்கு வைத்திருக்கிறேன். வாசலுக்கு வந்துட்டான்ப்பா என்று சொன்னேன். நீ அப்போது தேர்வு மண்டபத்தில் இருந்தாய்.

உன்னிடம் ஒரு பொய், அவரிடம் ஒரு பொய். நடுவில் நான்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் தேர்வுக்காகத்தான் சொல்லவில்லை என்று உன்னிடம் சொன்னேன், ஊரிடம் சொன்னேன், என்னிடமே சொல்லிக்கொண்டேன். முழுப் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. நீ வந்து அப்பாவைப் பார்த்து அழுதிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன்டா. அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் உடையாமல் நிற்கிறவள் நான் ஒருத்திதான், அதுவும் போய்விடும் என்று பயந்தேன். உன் தேர்வு எனக்கு நல்ல சாக்காகிவிட்டது. அந்த எட்டு வயசுப் பெண்ணின் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். குழந்தைக்குத் தாங்காது என்கிறோம், நமக்குத்தான் தாங்காது.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று சொல்வார்கள். நீ கோபித்துக்கொண்ட நாளில் இருந்து நானும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பத்தொன்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன் தம்பி. ஆகும். நான் பார்த்திருக்கிறேன்.

மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் குஞ்சுகளை அனுப்பிவிடு.

அக்கா


பிப்ரவரி 27, வெள்ளி

அக்கா,

உன் கடிதத்தைச் செவ்வாய் மாலை இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். டிரைவர் வாசலில் பதிலுக்காக அரைமணி நேரம் நின்றார். என்னால் எழுத முடியவில்லை, போகச் சொல்லிவிட்டேன். அவர் போகாமல் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை விடிந்ததும் பள்ளிக்குப் போனால் மூன்று முட்டைகளில் விரிசல். பத்து மணிக்குள் வகுப்பில் காலடி வைக்க இடமில்லை, ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டார்கள். உள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டதும் அடங்காத வால்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டன. மூடியைத் திறக்க ஒருவரையும் விடவில்லை. வியாழன் மதியத்துக்குள் பத்தொன்பதில் பதினேழு வந்துவிட்டன. இரண்டு வரவில்லை.

வராத இரண்டில் ஒன்று என்னுடையது. நான் அவளுக்கு மாற்றிக் கொடுத்த அதே முட்டை. அவள் தன் பெயரை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தால் நேற்று அவளுக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இன்னொரு பெயரைத் தேடி ரப்பரை எடுத்திருப்பேனோ என்னவோ.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வகுப்பில் இல்லை. அவளுடைய அப்பா கடையைப் பூட்டிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். நேற்று வந்து எல்லாம் சொன்னாள். அம்மாவுக்குத் தலையில் முடி இல்லையாம், கை ரொம்ப மெலிந்திருக்கிறதாம், தன் விரலால் சுற்றிப் பார்த்தாளாம். டாக்டரிடம் இவளே கேட்டிருக்கிறாள். "மருந்து குடுத்துக்கிட்டிருக்கோம், இன்னும் சொல்ல முடியாது" என்று டாக்டர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அம்மா அழுதாளாம், இவளும் அழுதாளாம், பிறகு முட்டைக் கதை முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னாளாம், நான் திருட்டுத்தனம் செய்தது உட்பட. இனி ஞாயிறுதோறும் போகப்போகிறாள். பேச்சு நிற்கவே இல்லை அக்கா. நாலு மாதத்தில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது.

என் முட்டை பொரியவில்லை என்று நோட்டில் எழுதிவிட்டு, நிமிர்ந்து, "வருத்தமா இருக்கா சார்? நெஜமாச் சொல்லுங்க" என்றாள். இருக்கு என்றேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். வரவில்லை. எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அந்த ஸ்டூலைப் பற்றிப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நீ சொல்லாமல் விட்டிருந்தால் அப்பா என்னைத் தேடினார் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். நான் வந்துகொண்டிருப்பதாக நம்பிக்கொண்டு போயிருக்கிறார். அது பொய்தான், ஆனாலும் நேற்று அதை நினைத்து இரண்டு தடவை நிம்மதியாகவும் இருந்தது. உன்மேல் கோபமும் இருக்கிறது, உன்னைப் பார்க்கவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு வரலாமா என்று யாரிடம் கேட்பது?

வரும் செவ்வாய் மாலை வேனில் பதினேழு குஞ்சுகளோடு நானும் வருகிறேன். இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் நம்பர் தடையையும் எடுத்துவிட்டேன், ஆனால் போனில் எதையும் ஆரம்பிக்காதே. பார்த்ததும் வாசலிலேயே அழுதுவிடாதே, குஞ்சுகளைச் சூடு ஆறாமல் உள்ளே இறக்கவேண்டும். அதற்கப்புறம் என்னை எதிரில் உட்காரவைத்து, அப்பாவைச் சேர்த்த முதல் நாளில் இருந்து சொல். ஒன்பது நாளையும் சொல்லவேண்டும். எனக்குத் தாங்காது என்று உனக்குத் தோன்றுகிற இடம் வரும், அங்கே நிறுத்திவிடாதே.

தம்பி